பிரஷர்காரர்களின் கொரோனா காலம்

பெருந்துறையில் சானடோரியம் எங்கே என்று கேட்டால் சின்னப் பிள்ளையும் வழி சொல்லும். காசநோய்க்காரர்களை ஊரைவிட்டுத் தள்ளி, காற்றோட்டமான இடத்தில் வைத்துப் பார்த்துக்கொண்ட காலத்தின் பெயர் அது. அதே வளாகத்தில் 1992-இல் ஐ.ஆர்.டி. மருத்துவக் கல்லூரி வந்தது. போக்குவரத்துக் கழகத் தொழிலாளர்களின் பிள்ளைகளை மனதில் வைத்துத் தொடங்கப்பட்ட கல்லூரி. பின்னர் மாநில அரசு அதை எடுத்துக்கொள்ள, அரசு ஈரோடு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை என்று பலகை மாறியது. ஊர்வாயில் இன்னமும் ஐ.ஆர்.டி.தான்.

தொற்றுநோய்க்காரர்களுக்காகப் பிறந்த அந்த இடத்துக்கு 2020 மார்ச்சில் பழைய வேலையே திரும்ப வந்தது. ஈரோட்டுக்கு வந்திருந்த தாய்லாந்துக்காரர்கள் இருவருக்குக் கொரோனா உறுதியாகி, பெருந்துறையில் சேர்க்கப்பட்டார்கள். மார்ச் 22 அன்று முடக்கச் சொல்லி மத்திய அரசு பட்டியலிட்ட 75 மாவட்டங்களில் தமிழ்நாட்டைச் சேர்ந்தவை மூன்று: சென்னை, காஞ்சிபுரம், ஈரோடு. பெருநகரங்களோடு ஒரு மஞ்சள் சந்தை மாவட்டம் ஒரே வரியில் வந்ததைப் பார்த்து ஊரே திகைத்தது. ஆனால் ஏப்ரல் முடிவதற்குள் கதை மாறிவிட்டது. மாவட்டத்தில் தொற்றுக்கு ஆளான 70 பேரில் ஒருவர் இறக்க, மற்ற 69 பேரும் குணமாகி வீடு திரும்பினார்கள். தொற்றில்லா மாவட்டம் என்று செய்தித்தாள்கள் பாராட்டின. அந்தப் பாராட்டில் பிழையில்லை.

அந்த 70 பேர் கணக்கில் சேராத ஒரு பெருங்கூட்டம் உண்டு. அவர்களுக்குக் கொரோனா வரவில்லை. காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை. மாதம் ஒருமுறை டவுன் பஸ் ஏறி, நோட்டைக் காட்டி, கையை நீட்டி பி.பி. பார்த்து, முப்பது நாளுக்கான மாத்திரையை மஞ்சப் பையில் போட்டுக்கொண்டு வருபவர்கள். பெருந்துறை மருத்துவமனை கொரோனாவுக்கென ஒதுக்கப்பட்ட அன்றே, அங்கே வழக்கமாகப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் வேறு இடம் தேட வேண்டியதாயிற்று. பஸ்ஸும் நின்றிருந்தது.

இந்தக் கூட்டம் எவ்வளவு பெரியது? தமிழ்நாட்டில் 18 முதல் 69 வயது வரை உள்ளவர்களிடம் உலக சுகாதார நிறுவனத்தின் 'ஸ்டெப்ஸ்' முறையில் 2020-இல் நடந்த ஆய்வு, 33.9 விழுக்காட்டினருக்கு உயர் ரத்த அழுத்தம் இருப்பதாகச் சொன்னது. மூன்று பேரில் ஒருவர். அதைவிடச் சங்கடமான எண் ஒன்று அதே ஆய்வில் இருக்கிறது. அப்படி அழுத்தம் உள்ளவர்களில் அதைக் கட்டுக்குள் வைத்திருந்தவர்கள் வெறும் 7.3 விழுக்காடு. மீதிப் பேரில் பெரும்பாலோருக்குத் தங்களுக்கு அது இருப்பதே தெரியாது. தெரிந்தவர்களிலும் பலர் மாத்திரையை விட்டுவிட்டவர்கள். இத்தனைக்கும் இந்தத் துறையில் தமிழ்நாடு பின்தங்கிய மாநிலம் கிடையாது. சிவகங்கையிலும் விருதுநகரிலும் 2007-லேயே முன்னோட்டமாகத் தொடங்கி, பிறகு மாநிலம் முழுக்க ஆரம்ப சுகாதார நிலையங்களில் பிரஷருக்கும் சுகருக்கும் தனி நர்ஸ், தனிப் பதிவேடு என்று ஏற்பாடு செய்த மாநிலம் இது. தமிழ்நாடு மருத்துவ சேவைக் கழகம் மொத்தமாக மருந்து வாங்கிக் கிடங்கு கிடங்காக அனுப்பும் முறை 1990-களின் நடுவிலிருந்தே நடக்கிறது. மாத்திரை இருந்தது, நர்ஸும் இருந்தார். அப்படியிருந்தும் 7.3.

ஆக, பெருந்தொற்று வந்து ஒரு நல்ல ஏற்பாட்டைக் குலைத்துவிட்டது என்று மட்டும் சொன்னால் பாதிதான் உண்மை. ஏற்கெனவே இழுபறியில் இருந்த ஒன்றின் மேல்தான் அது வந்து விழுந்தது. அந்த இடிபாட்டில் பிரஷர்காரர்களின் அன்றாட வாழ்வுக்கு என்ன நேர்ந்தது என்று பார்த்தால், ரத்தக் குழாய்களில் நடந்ததைவிட மனதிலும் நடைபாதையிலும் பஸ் நிறுத்தத்திலும் நடந்ததே அதிகம்.

உயர் ரத்த அழுத்தத்தின் விசித்திரம், அது பெரும்பாலும் வலிக்காது. தலைவலி, கிறுகிறுப்பு, பிடரி இழுப்பு எல்லாவற்றையும் ஊரில் பிரஷரின் தலையில் கட்டுவார்கள். ஆனால் 160-க்கு 100 இருப்பவர் கூட ஒரு தொந்தரவும் இல்லாமல் வரப்பில் மண்வெட்டியோடு நிற்பார். அதனால்தான் வாழ்க்கைத் தரத்தை அளக்கும் ஆய்வுகளில் இந்த நோய் வழக்கமாகச் சின்னச் சரிவைத்தான் காட்டும். அழுத்தம் உள்ளவர்கள் இல்லாதவர்களைவிடச் சற்றே குறைந்த மதிப்பெண் பெறுகிறார்கள். மூட்டுவலிக்காரரோ ஆஸ்துமாக்காரரோ படும் பாட்டை இவர்கள் படுவதில்லை.

அந்தச் சின்னச் சரிவும் எங்கிருந்து வருகிறது என்பதற்கு ஒரு பழைய ஆய்வு துப்பு தருகிறது. கனடாவின் ஹாமில்டன் நகரில் ஓர் எஃகு ஆலைத் தொழிலாளர்களுக்கு ரத்த அழுத்தம் பார்த்து, உயர்ந்திருந்தவர்களிடம் அதைச் சொன்னார்கள். அடுத்த ஆண்டில் அவர்கள் உடம்புக்கு முடியவில்லை என்று வேலைக்கு வராத நாட்கள் 80 விழுக்காடு கூடின. மாத்திரை தொடங்கப்பட்டவர், தொடங்கப்படாதவர் என்ற பேதமில்லாமல் இது நடந்தது. நேற்றுவரை உருக்கு உலையருகே நின்றவர், ஒரு எண்ணைக் கேட்டதும் நோயாளியாகிவிட்டார். ஹெய்ன்ஸும் அவருடைய சகாக்களும் 1978-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் எழுதிய இந்தக் கட்டுரையை, ஒரு வியாதிப் பெயரைச் சொல்வதே மனிதரை எப்படிச் சாய்க்கும் என்பதற்கு மருத்துவர்கள் இன்றும் எடுத்துக்காட்டுகிறார்கள்.

இப்போது 2020-இன் மாலை நேரங்களை நினைத்துப் பாருங்கள். தமிழ்நாடு பொது சுகாதாரத் துறையின் அன்றாட அறிக்கை வரும். மாவட்டவாரியாகத் தொற்று, குணமானவர்கள், பிறகு இறந்தவர்கள். ஒவ்வொரு மரணத்துக்கும் வயது, ஆணா பெண்ணா, எந்த மருத்துவமனை, கூடவே என்னென்ன நோய் இருந்தது. இணை நோய் உள்ளவர் எத்தனை பேர், இல்லாதவர் எத்தனை பேர் என்று தனித்தனியாகக் கூட்டியிருப்பார்கள். மக்களிடம் எதையும் மறைக்காத நல்ல நடைமுறைதான். ஆனால் சுகர், பிரஷர் என்ற இரண்டு சொற்களும் அன்றாடம் இறந்தவர்களின் பெயரில்லாப் பட்டியலில் வந்துகொண்டே இருந்தால், பல ஆண்டாக அம்லோடிபின் போட்டுக்கொண்டு வாழ்ந்துவந்த ஒருவர் அதை எப்படிப் படிப்பார்? தொலைக்காட்சி முன் உட்கார்ந்து தன் வயதையும் தன் நோயையும் பொருத்திப் பார்ப்பார். ஹாமில்டனில் ஓர் ஆலையில் நடந்தது இங்கே ஒரு மாநிலத்துக்கே நடந்தது.

பயத்துக்கு ஆதாரம் இல்லாமலில்லை. தமிழ்நாட்டிலும் ஆந்திரத்திலும் தொற்றியவர்களையும் அவர்களோடு பழகியவர்களையும் பின்தொடர்ந்து, ரமணன் லட்சுமிநாராயணன் தலைமையிலான குழு 2020 இலையுதிர் காலத்தில் சயன்ஸ் இதழில் வெளியிட்ட பெரிய ஆய்வில், இறந்தவர்களில் ஏறத்தாழ 63 விழுக்காட்டினருக்கு வேறொரு நோயாவது இருந்தது. சர்க்கரை 45 விழுக்காட்டினருக்கு, உயர் ரத்த அழுத்தம் 36 விழுக்காட்டினருக்கு. எண் பெரிதாகத்தான் தெரிகிறது. இங்கேதான் நிதானம் தேவை. இறந்தவர்களில் பெரும்பகுதி முதியவர்கள். முதியவர்களில் பிரஷர் இல்லாதவரைத் தேடிப் பிடிக்க வேண்டும். வயதுவந்தவர்கள் மொத்தத்திலேயே மூன்றில் ஒருவருக்கு இருக்கும் ஒன்று, இறந்தவர்களில் மூன்றில் ஒருவருக்கு இருந்தது என்பதால் மட்டும் அதைக் கொலைகாரன் என்று சொல்லிவிட முடியாது.

அதைப் பிரித்துப் பார்த்தவர்கள் இங்கிலாந்துக்காரர்கள். 'ஓப்பன்சேஃப்லி' என்ற பெயரில் 1 கோடியே 70 லட்சத்துக்கும் மேற்பட்ட பெரியவர்களின் மருத்துவப் பதிவுகளை ஆராய்ந்து 2020 ஜூலையில் நேச்சர் இதழில் எழுதினார்கள். வயதையும் பாலினத்தையும் மட்டும் கழித்துப் பார்த்தபோது பிரஷர்காரர்களின் ஆபத்து சிறிதளவே கூடுதலாக இருந்தது. உடல் பருமன், சர்க்கரை, சிறுநீரகக் கோளாறு முதலானவற்றையும் கழித்தபோது அந்தக் கூடுதலும் மறைந்துவிட்டது. கட்டுப்பாடில்லாத சர்க்கரையும் பழுதான சிறுநீரகமும் உண்மையான எதிரிகள். பிரஷர் அவற்றோடு ஒரே வீட்டில் குடியிருந்ததால் கெட்ட பெயர் வாங்கியது. இந்தச் செய்தி பெருந்துறைச் சந்தைவரை வந்துசேரவே இல்லை. மரணப் பட்டியல் மட்டும் தவறாமல் வந்தது.

பயம் மாத்திரையையும் விட்டுவைக்கவில்லை. கொரோனா கிருமி மனித உயிரணுவுக்குள் நுழையப் பயன்படுத்தும் ஏ.சி.இ.2 என்ற புரதத்தை, எனலாப்ரில், லொசார்ட்டன், டெல்மிசார்ட்டன் வகை மாத்திரைகள் கூட்டிவிடக்கூடும் என்ற ஊகம் 2020 மார்ச்சில் லான்செட் குழும இதழ் ஒன்றில் கடிதமாக வெளிவந்தது. ஊகம்தான், யாருடைய உடம்பிலும் நிரூபித்தது கிடையாது. அந்தக் கடிதம் வெளியான சில நாட்களிலேயே ஐரோப்பிய இதயவியல் சங்கமும் அமெரிக்க இதயச் சங்கமும் மாத்திரையை நிறுத்த வேண்டாம் என்று அறிக்கை விட்டன. ஆனால் வாட்ஸ்அப் அதற்குள் ஓடிவிட்டது. டெல்மா என்ற பெயரில் நடுத்தர வர்க்க வீடுகளின் மாத்திரைப் பெட்டியில் உட்கார்ந்திருக்கும் டெல்மிசார்ட்டன், திடீரென்று சந்தேகத்துக்குரிய பொருளானது.

கேள்விக்கு விடை கிடைக்க மாதங்கள் பல பிடித்தன. பிரேசிலில் கொரோனாவோடு மருத்துவமனையில் சேர்ந்த 659 பேரில் ஒரு பாதியினர் மாத்திரையைத் தொடர, மறு பாதியினர் 30 நாள் நிறுத்திவைத்தனர். உயிரோடு வீட்டில் இருந்த நாட்களின் கணக்கில் இரு தரப்புக்கும் வேறுபாடே இல்லை. மாத்திரையை விட்டதால் லாபமில்லை என்பது தெளிவாயிற்று. நஷ்டம் எந்த மாத்திரையை விட்டார்கள் என்பதைப் பொறுத்தது. அம்லோடிபின் உடம்பில் நின்று மெதுவாக வெளியேறுவது. ஒரு நாள் மறந்தால் பெரிய குடிமுழுகல் இல்லை. அடினோலாலை அப்படித் திடுதிப்பென்று நிறுத்தக் கூடாது; நெஞ்சு படபடப்பு, இதய வலி என்று திருப்பியடிக்கும். இரண்டும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் தரப்படும் மாத்திரைகள். இரண்டுமே வாங்குபவர் வாயில் 'பிரஷர் மாத்தர'.

கொங்கு நாட்டின் குடியிருப்பு முறையைத் தெரியாதவர்களுக்கு இன்னொரு சிக்கல் புலப்படாது. காவிரி டெல்டாவில் இருப்பதுபோல இங்கே எல்லோரும் ஊருக்குள் நெருக்கிக் குடியிருப்பதில்லை. காஞ்சிக்கோயில், திங்களூர், துடுப்பதிப் பக்கம் போனால் தோட்டத்துக்கு ஒரு சாளை, அதாவது தோட்டத்து வீடு. அவரவர் கிணறு, அவரவர் தென்னை, கட்டுத்தரையில் நாலு எருமை. பக்கத்து வீடு கூப்பிடு தூரத்தில் இருக்கும், கண்ணுக்கு எட்டாது. பிள்ளைகள் கோவையிலோ பெங்களூரிலோ அமெரிக்காவிலோ இருக்க, சாளையில் தாத்தாவும் ஆத்தாவும் மட்டும். சாதாரணக் காலத்தில் இது நிம்மதியான வாழ்க்கை. சந்தை நாளில் வெளியே போய்விட்டு, கொப்பரை ஏலம் பார்த்து, நாலு பேரிடம் பேசி, வழியில் மாத்திரையும் வாங்கி வந்துவிடலாம்.

ஊரடங்கில் இந்தச் சங்கிலி மொத்தமாக அறுந்தது. மார்ச் 24 மாலையோடு பஸ் நின்றது. ஜூன் 1 அன்று கோவை, நீலகிரி, ஈரோடு, திருப்பூர், கரூர், சேலம், நாமக்கல் ஆகியவற்றை ஒரே மண்டலமாக வைத்துப் பாதிப் பஸ்கள் ஓடின. ஒரே மாதத்தில் மீண்டும் நிறுத்தம். முழுமையாகத் திரும்பியது செப்டம்பரில். இடையில் மாவட்ட எல்லை தாண்ட இ-பாஸ். பெருந்துறையிலிருந்து திருப்பூர் மாவட்ட எல்லை பக்கத்திலேயே இருக்கிறது. ஆண்டுக்கணக்கில் எல்லைக்கு அந்தப் பக்க டாக்டரிடம் காட்டிவந்தவர், திடீரென்று அவரைப் பார்க்க அரசாங்க அனுமதி வாங்க வேண்டும் என்று ஆனது. விண்ணப்பம் ஆன்லைனில், தாத்தா கையில் பட்டன் போன்.

அரசுகள் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை. முடக்கம் தொடங்கிய மார்ச் 25 அன்றே தொலைமருத்துவ வழிகாட்டுதல் வெளியானது. பழைய நோயாளிக்கு அதே பிரஷர் மாத்திரையை நேரில் பார்க்காமலே நீட்டித்துத் தரவும், போதவில்லையென்றால் இன்னொன்றைச் சேர்க்கவும் அது மருத்துவர்களுக்கு இடம் தந்தது. ஏப்ரல் நடுவில் மத்திய சுகாதாரத் துறை, நாள்பட்ட நோயாளிகளுக்கு மூன்று மாதம் வரை மருந்தை மொத்தமாகத் தரலாம், வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்றது. இ-சஞ்சீவனி தொலைமருத்துவச் சேவையில் தமிழ்நாடு நாட்டிலேயே முன்வரிசையில் நின்றது. இவை உதவின. ஆனால் திரையில் பி.பி. பார்க்க முடியாது, மூன்று மாத மாத்திரையை ஒரே தடவை கையில் வாங்கியவருக்கு மூன்று மாதம் யாரும் கையைப் பிடித்து அளக்கவும் மாட்டார்கள்.

உலகம் முழுக்க இதே நிலைதான். உலக சுகாதார நிறுவனம் 2020 மே மாதத்தில் 155 நாடுகளைக் கேட்டபோது, 53 விழுக்காடு நாடுகளில் உயர் ரத்த அழுத்தச் சிகிச்சை முழுதாகவோ ஓரளவோ தடைபட்டிருந்தது.

தடைபட்டதன் விளைவை எண்களில் பிடித்த ஆய்வு ஒன்று அமெரிக்காவிலிருந்து வந்தது. வேலையிட நலத் திட்டமொன்றில் ஆண்டுதோறும் அளக்கப்பட்டுவந்த 4 லட்சத்து 64 ஆயிரம் பேரை எடுத்துக்கொண்டார்கள். 2020 ஏப்ரல் முதல் டிசம்பர் வரை மேல் அழுத்தம் முந்தைய ஆண்டைவிட மாதந்தோறும் சராசரியாக 1.1 முதல் 2.5 புள்ளி வரை கூடியிருந்தது. பெண்களிடம் ஏற்றம் அதிகம். இரண்டு புள்ளியா என்று உதட்டைப் பிதுக்குபவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். மேல் அழுத்தம் பத்துப் புள்ளி குறைந்தால் பக்கவாதம் 27 விழுக்காடு குறைகிறது என்பது லட்சக்கணக்கானவர்களைத் தொகுத்துப் பார்த்த கணக்கு. ஒரு மனிதருக்கு இரண்டு புள்ளி ஒன்றுமில்லை. ஒரு தேசத்துக்கு ஒன்றுமில்லை என்று சொல்ல முடியாது.

ஏன் கூடியது? எடை கூடியதுதான் காரணம் என்று சொல்ல அந்த ஆய்வு இடம்தரவில்லை. நடை நின்றது, தூக்கம் கெட்டது, கவலை கூடியது, மருத்துவரைப் பார்ப்பது குறைந்தது என்று பலவும் சேர்ந்திருக்கலாம். கொங்குச் சமையலறையில் இன்னொரு காரணத்தையும் தேடலாம். 2020 ஏப்ரலில் ரேஷன் அட்டைக்கு 1,000 ரூபாயோடு அரிசி, பருப்பு, சர்க்கரை, எண்ணெய் இலவசமாகக் கிடைத்தன. காய்கறி அப்படிக் கிடைக்கவில்லை. பஸ் ஓடாத ஈரோடு பேருந்து நிலையமே காய்கறிச் சந்தையாக மாறியிருந்தது. சாளைக்காரர்களுக்கு அது எட்டாத தூரம். வீட்டில் இருந்தது ஊறுகாய் ஜாடியும் மோர் மிளகாயும் அப்பளமும். கறி வாங்கப் போக முடியாத வாரங்களில் உப்புக்கண்டம் கைகொடுத்தது. இந்தியர் ஒருவர் சராசரியாக ஒரு நாளைக்கு 8 கிராம் உப்புச் சாப்பிடுகிறார். ஐந்துக்குள் நிறுத்தச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். அரிசிம்பருப்புச் சோற்றுக்கு ஊறுகாய் கூடாது என்று ஒரு கொங்குத் தாத்தாவிடம் சொல்லிப் பார்க்க வேண்டும்.

வாழ்க்கைத் தரம் என்பதை ஆய்வாளர்கள் எப்படி அளக்கிறார்கள் என்று இங்கே சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அளவுகோலே ஒரு கதை. உலகெங்கும் அதிகம் புழங்கும் 'ஈ.கியூ-5டி' படிவத்தில் ஐந்தே கேள்விகள்: நடமாட்டம், தன்னைத் தானே பார்த்துக்கொள்ளுதல், வழக்கமான வேலைகள், வலி அல்லது அசௌகரியம், கவலை அல்லது மனச்சோர்வு. ஒவ்வொன்றுக்கும் 'பிரச்சினை இல்லை' என்பதிலிருந்து ஐந்து படிகள். பதில்களை எடைபோட்டு ஓர் எண்ணாக்குவார்கள். முழு நலம் 1, மரணம் 0. சாவைவிட மோசம் என்று மக்கள் கருதும் நிலைகளுக்குக் கழித்தல் குறியும் உண்டு. கூடவே, இன்றைக்கு உங்கள் உடம்பு எப்படி என்று பூஜ்யத்திலிருந்து நூறு வரை ஒரு கோட்டில் குறிக்கச் சொல்வார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் 26 கேள்விப் படிவம் இன்னும் விரிவானது. உடல், மனம், சுற்றத்தார், சூழல் என்று நாலு பக்கமும் கேட்கும்.

இந்தக் கேள்விகளோடு ஊரடங்குக் காலத்தில் ஒரு சாளைக்குப் போயிருந்தால் என்ன பதில் வந்திருக்கும்? நடமாட்டத்தில் பிரச்சினை உண்டா? இல்லை, காலெல்லாம் நல்லாத்தான் இருக்குது. போகத்தான் விடுவதில்லை. வழக்கமான வேலை? எருமைக்குத் தண்ணி காட்டி, பால் கறந்தாயிற்று; ஆனால் தோட்டத்தில் பூத்த பூவைப் பறிக்க ஆளில்லை, பறித்தாலும் வாங்க ஆளில்லை. படிவத்தில் இரண்டுமே 'பிரச்சினை இல்லை' என்ற கட்டத்தில்தான் விழும். ஐந்தாவது கேள்விக்கு வரும்போதுதான் பேச்சு நீளும். பேரனைப் பார்த்து எத்தனை மாசமாச்சு, எழவுக்குக்கூடப் போக முடியவில்லை, நமக்கு வந்தால் ஐ.ஆர்.டி.க்குக் கூட்டிப்போய் அப்படியே பொட்டலமாகத்தான் தருவார்களாமே. உயர் ரத்த அழுத்தக்காரர்களின் கொரோனாக் காலத்து வாழ்க்கைத் தரம் ஐந்தாவது கட்டத்தில்தான் சரிந்திருக்கிறது. மற்ற நான்கும் கணக்கில் நன்றாகவே தெரியும். இப்படிப்பட்ட படிவங்களின் கூட்டுத்தொகையை மட்டும் பார்த்து, பாதிப்பு குறைவு என்று முடிவுகட்டினால் அது அளவுகோலின் முடிவு.

பயத்தின் விலை மனதோடு நின்றுவிடவில்லை. நாட்டின் 187 மருத்துவமனைகளின் கணக்கை இந்திய இதயவியல் சங்கம் எடுத்துப் பார்த்தபோது, மாரடைப்போடு வந்து சேர்ந்தவர்கள் முந்தைய ஆண்டைவிட 35.4 விழுக்காடு குறைந்திருந்தார்கள். ஊரடங்கில் இந்தியர்களின் இதயங்கள் திடீரென்று நலமடைந்துவிடவில்லை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, வாயுப் பிடிப்பாக இருக்கும் என்று சொல்லி, சுக்குக் கஷாயம் குடித்து வீட்டிலேயே படுத்துவிட்டவர்கள் அந்த வித்தியாசத்துக்குள் இருக்கிறார்கள்.

முதல் அலையில் தப்பிய கொங்கு நாடு இரண்டாம் அலையில் வசமாகச் சிக்கியது. 2021 மே கடைசியில் அன்றாடத் தொற்றில் கோவை சென்னையையே முந்தியது. ஜூனில் மற்ற மாவட்டங்களுக்குத் தளர்வு வந்தபோதும் கோவை, திருப்பூர், ஈரோடு உள்ளிட்ட 11 மாவட்டங்களுக்குக் கட்டுப்பாடு நீண்டது.

தடுப்பூசியிலும் பிரஷர்காரர்கள் இரண்டுங்கெட்டானாக நின்றார்கள். 2021 மார்ச் 1 முதல் 60 வயதைக் கடந்தவர்களுக்கும், 45-க்கு மேல் இணை நோய் உள்ளவர்களுக்கும் ஊசி என்று அறிவிப்பு வந்தது. ஆனால் மத்திய அரசின் 20 இணை நோய்ப் பட்டியலில் வெறும் உயர் ரத்த அழுத்தத்துக்கு இடமில்லை. பத்தாண்டுக்கு மேற்பட்ட சர்க்கரையோடு பிரஷர், பக்கவாதம் வந்த பிறகு பிரஷர் என்று ஜோடியாகத்தான் வர வேண்டும். ஓராண்டாக மாலை அறிக்கையில் இணை நோய் என்று கேட்டுக் கேட்டு அரண்டுபோனவர், ஊசிக்கு வரிசையில் நிற்கும்போது அந்தக் கணக்கில் சேரவில்லை. ஏப்ரல் 1 முதல் 45 வயதைக் கடந்த எல்லோருக்கும் என்று ஆன பிறகுதான் இந்தக் கூத்து தீர்ந்தது.

தீர்ந்த வேகத்திலேயே இன்னொன்று வந்தது. ஏப்ரல் 15 அன்று சென்னை ஓமந்தூரார் மருத்துவமனையில் ஊசி போட்டுக்கொண்ட நடிகர் விவேக், மறுநாள் மாரடைப்புக்கு ஆளாகி 17-ஆம் தேதி இறந்தார். ஊசிக்கும் மரணத்துக்கும் தொடர்பில்லை, தற்செயல்தான் என்று தேசியக் குழு பின்னர் ஆராய்ந்து சொன்னது. அந்த இடைவெளியில் பிரஷர்காரர்கள் பலர் ஊசியைத் தள்ளிப்போட்டார்கள். முகாமுக்கு வந்தவர்களுக்கும் முதலில் பி.பி. பார்ப்பார்கள். பயத்திலேயே எகிறி நிற்கும். கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வாங்க, இல்லையென்றால் மாத்திரை போட்டுவிட்டு நாளைக்கு வாங்க என்று திருப்பியனுப்பப்பட்டவர்கள் உண்டு. தனக்கு பிரஷர் இருப்பதையே தடுப்பூசி முகாமில் தெரிந்துகொண்டவர்களும் உண்டு. மூன்றில் ஒருவருக்கு இருக்கும் நோயைக் கண்டுபிடிக்க எந்தப் பிரசாரமும் செய்யாத வேலையை, வேறு காரியத்துக்காகப் போட்ட மேசை செய்தது.

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் முதல்வர் மு.க. ஸ்டாலின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தைத் தொடங்கினார். ஊரடங்கு கற்றுக்கொடுத்த பாடத்தை நேராகப் போட்டிருந்தார்கள்: நோயாளி வர முடியாவிட்டால் மாத்திரை போகட்டும். உள்ளூர்ப் பெண்களையே தன்னார்வலர்களாக எடுத்து, பி.பி. கருவியும் சர்க்கரைக் கருவியும் கையில் கொடுத்து, மாதாமாதம் வீட்டுக்கு அனுப்பினார்கள். 2022 டிசம்பர் கடைசியில் ஒரு கோடியாவது பயனாளிக்கு மருந்துப் பெட்டகம் கொடுக்கப்பட்டது. 2024-இல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் பல்துறைக் குழு விருது கிடைத்தது.

விருதைவிட, சாளை வாசலில் நடக்கும் பேச்சு முக்கியம். "ஏங்கண்ணு, போன மாசம் மாத்தர வெள்ளையா இருந்துச்சு, இதென்ன வேற கலரு?" என்பது வழக்கமாக வரும் கேள்வி. மொத்தக் கொள்முதலில் கம்பெனி மாறினால் மாத்திரையின் நிறமும் அளவும் மாறும். உள்ளே மருந்து அதேதான். சொல்ல ஆளில்லாத இடத்தில் அந்தப் பட்டையைப் பிரிக்காமலே அஞ்சறைப் பெட்டிக்குப் பின்னால் போட்டுவிடுவார்கள். "அதே மாத்தரதானுங்க ஆத்தா, கம்பெனிதான் வேற" என்று ஒருத்தி திண்ணையில் உட்கார்ந்து சொன்னால் போட்டுக்கொள்வார்கள். தலை சுற்றுகிறதா, காலில் நீர் கட்டியிருக்கிறதா என்று கேட்பதும் அங்கேதான். அம்லோடிபின் போட்டுக்கொள்பவர்களில் சிலருக்குக் கணுக்கால் வீங்கும். அது சிறுநீரகம் கெட்டுப்போனதன் அடையாளம் என்று பயந்து நிறுத்திவிடுபவர்கள் ஏராளம். ஐந்தாவது கட்டத்துக் கவலையைத் தொடுகிற சிகிச்சை என்று ஒன்று இந்தத் திட்டத்தில் இருக்குமானால், அது மாத்திரைப் பெட்டகத்தில் இல்லை, இந்தப் பத்து நிமிடத் திண்ணைப் பேச்சில் இருக்கிறது. அதை எந்தப் படிவத்திலும் பதிவதில்லை என்பது இந்தத் திட்டத்தின் குறை.

பலன் தெரிகிறது. இரண்டாவது ஸ்டெப்ஸ் ஆய்வில், அழுத்தத்தைக் கட்டுக்குள் வைத்திருப்பவர்கள் 7.3 விழுக்காட்டிலிருந்து 17 ஆக உயர்ந்திருந்தார்கள். இரண்டு மடங்குக்கு மேல். நூற்றில் 83 பேர் இன்னும் வெளியே.

வெளியே இருப்பவர்கள் யார் என்பதற்கு பெருந்துறையிலேயே விடை இருக்கிறது. தேசிய நெடுஞ்சாலை 544-ஐ ஒட்டி விரிந்து கிடக்கும் சிப்காட் தொழிற்பேட்டையில் ஷிப்டு மாறும் நேரத்தில் நின்று பார்க்கலாம். சாயப் பட்டறையிலும் நூற்பாலையிலும் வேலை முடித்து வெளியே வரும் முப்பது, நாற்பது வயது ஆண்கள்; பலர் வட மாநிலத்தவர். இரவு ஷிப்டு, தூக்கக் கேடு, புகையிலை, மாலையில் குவார்ட்டர், உப்பு மிகுந்த கடைச் சாப்பாடு. தன்னார்வலர் பகல் பத்து மணிக்கு வீட்டுக் கதவைத் தட்டும்போது இவர்கள் ஆலையில் இருப்பார்கள், அல்லது இரவு வேலை முடிந்து அறையில் அடித்துப்போட்டதுபோல் தூங்குவார்கள். வீட்டைத் தேடிப்போகும் திட்டத்துக்கு வீட்டில் இருப்பவர்கள்தான் கிடைப்பார்கள்: முதியவர்கள், பெண்கள். 2024-இல் தமிழக அரசு தொழிலாளர்களைத் தேடி மருத்துவம் என்று ஆலைகளுக்குள்ளேயே பரிசோதனையைக் கொண்டுபோனது இதற்காகத்தான். ஆனால் ஒப்பந்தக்காரர் மாறினால் ஆலை மாறும், ஆலை மாறினால் அறை மாறும். இந்த மாதம் பெருந்துறையில் 150-க்கு 100 என்று எழுதப்பட்ட ஆளை அடுத்த மாதம் திருப்பூரிலோ ஜார்க்கண்டிலோ தேட வேண்டும். ஹாமில்டன் தொழிலாளிக்காவது, எண்ணைக் கேட்டுப் பயந்தபோது உடம்புக்கு முடியவில்லை என்று ஒரு நாள் வீட்டில் இருக்க வழி இருந்தது. தினக்கூலிக்கு நிற்கும் இவர், அளந்தவர் சொன்ன எண்ணைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு அடுத்த ஷிப்டுக்குப் போய்விடுகிறார். மாத்திரை வாங்கப் போவதென்றால் அவருக்கு அரை நாள் கூலி போகும்.